பனிக்குடம் ஒட்டுகிறவள்

பஸ்ஸில் இடம் இருந்தாலும் பானுமதி உட்கார மாட்டாள். அரூரில் அவளைத் தெரிந்த கண்டக்டர்கள் ஆரம்பத்தில், "உக்காருங்கக்கா, எடம் இருக்குதில்ல" என்று சொல்லிப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டிலும் அப்படித்தான். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பாள். காஸை மூடினோமா என்று, பூட்டிய கதவைத் திறந்து மறுபடி உள்ளே போவாள். ஒருநாள் அவள் கணவன் தீர்த்தகிரி, "நீ உக்காந்து நான் பாத்து எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா?" என்று கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒம்போது" என்றாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால்தான் மகள் தேன்மொழி பிறந்தாள். இருவருக்கும் ஊர் சித்தேரி மலை. அப்போது தீர்த்தகிரி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறாம் மாதம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது, ஒரு காலை வேளையில் அவளுக்கு வலி கண்டது. அவனே ஜீப்பில் ஏற்றி மலையை விட்டு இறக்கினான். வேகமாக ஓட்டினால் வளைவுகளில் அவள் கத்தினாள், மெதுவாக ஓட்டினால் அவன் கத்தினான். தர்மபுரி பெரியாஸ்பத்திரியில் பிறந்த குழந்தை எண்ணூற்று இருபது கிராம். தோல் வழியாக உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிந்தது. எழுபத்து நான்கு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

அந்த வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. நான்காம் நாள் பானுமதி அதில் உட்கார்ந்து கண்ணயர்ந்தாள். குழந்தைக்கு மூச்சு நின்றது அப்போதுதான். நர்சுகள் ஓடினார்கள், காலடிச் சத்தம் கேட்டு இவள் விழித்தாள். ஐந்து நிமிஷத்தில் மூச்சு திரும்பிவிட்டது. தான் உட்கார்ந்ததற்கும் குழந்தைக்கு மூச்சு நின்றதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவளுக்கு அறிவில் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை.

குழந்தை பிழைத்தது. நுரையீரலுக்குக் கொடுத்த ஆக்சிஜனில் கண்ணின் உள்நரம்பு கெட்டு, லேசர் வைத்தார்கள். முன்கூட்டியே பிறக்கும் பிள்ளைகளுக்கு இது வருவதுண்டு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது தேன்மொழி நான்காம் வகுப்பு படிக்கிறாள். தடித்த கண்ணாடி போட்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்து, யாரையும் பேசவிடாமல் பேசுகிறாள்.

மலையைவிட்டு இறங்கி அரூரில் குடியேறிய பிறகு பானுமதி முதலில் ஜவ்வரிசி ஆலையில் பாக்கெட் ஒட்டினாள். சீலிங் மிஷினின் சூடான தாடைக்கு நடுவில் பிளாஸ்டிக் உறையின் வாயை வைத்து மிதியை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். யாரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் இவள் ஒட்டியது பிரிந்து வந்ததில்லை. உறையின் வாயில் துளி மாவு இருந்தாலும் ஒட்டு நிற்காது என்பதை வந்த ஒரு வாரத்திலேயே கண்டுகொண்டு, ஒவ்வொரு வாயையும் புறங்கையால் ஒரு தடவு தடவிவிட்டு ஒட்டினாள். நிற்கும் வேலை என்பதால் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அங்கிருந்து ஊருக்கு வெளியே ராஜாமணி என்பவர் வைத்திருக்கும் சின்னத் தொழிற்கூடத்துக்குப் போனாள். ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பிளாஸ்டிக் பைகள் செய்கிற இடம். ஐந்து வருஷத்தில் சீலிங் பகுதி முழுக்க அவள் பொறுப்புக்கு வந்தது.

அங்கேதான் ஒரு வெள்ளிக்கிழமை மேனகா வந்தாள். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் என்ஜினியர். சொந்த ஊர் ஏரியூர். முப்பது வயது இருக்கும். ஒரு படத்தை மேஜைமேல் விரித்து, இந்த அளவில் பத்துப் பை வேண்டும் என்றாள். ஒன்றரை முழ நீளம், ஒரு முழ அகலம், தெளிவான படலம், இரண்டு குழாய் உள்ளே போக வழி, ஒரு குழாய் வெளியே வர வழி.

பானுமதி படத்தைப் பார்த்ததும் சொன்னாள். "மூலையெல்லாம் சதுரமா இருக்குதுங்க. தண்ணி ரொப்பினா மூலையிலதான் விடும். வளைச்சுக் குடுங்க."

"வளைச்சா உங்களால ஒட்ட முடியுமாக்கா?"

"வளைஞ்ச தாடை செஞ்சு குடுத்தா ஒட்டலாம். இதுல என்னா ஊத்தப் போறீங்க?"

மேனகா ராஜாமணியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு நுரையீரல் தயாராக இருக்காது. மிஷின் வைத்துக் காற்றை அடித்தால் அதுவே நுரையீரலைக் கிழிக்கும். காற்றே வேண்டாம், இன்னும் மூன்று நாலு வாரம் தண்ணீரிலேயே வைத்திருந்தால் என்ன? பனிக்குடத் தண்ணீர் போல ஒரு கரைசல் பைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். தொப்புள் கொடியை ஒரு சின்னப் பெட்டியில் மாட்டுவார்கள், அது ரத்தத்தில் ஆக்சிஜனைக் கலக்கும். ரத்தத்தைத் தள்ளுவதற்கு பம்ப் கிடையாது, குழந்தையின் இதயமே தள்ளும். இப்போதைக்கு ஆட்டுக்குட்டியில் பார்க்கிறார்கள். மனிதக் குழந்தைக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும்.

பானுமதி எழுந்து வெளியே போனாள். எழுந்து என்று சொல்லக் கூடாது, நின்றுகொண்டுதான் இருந்தாள். தண்ணீர் டிரம் வரைக்கும் போய், முகம் கழுவாமலே திரும்பி வந்தாள்.

"அதுக்குள்ள இருக்கறப்ப கொழந்தைக்குக் கண்ணு கெடுமா?"

மேனகாவுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று அப்போது தெரியாது. "கெடக் கூடாதுன்னுதான் செய்யறோம். காத்துல குடுக்கற மாதிரி அதிக ஆக்சிஜன் இதுல தேவையில்லை. ஆனா இன்னும் நிச்சயமா சொல்ல முடியாதுக்கா" என்றாள்.

அந்த "நிச்சயமா சொல்ல முடியாது" பானுமதிக்குப் பிடித்தது. எழுபத்து நான்கு நாளும் டாக்டர்கள் அவளிடம் சொன்னதும் அதேதான்.

பத்துப் பையும் செய்து கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து மேனகா திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது. மொரப்பூர் பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணையில், முறையாக அனுமதி வாங்கி, அறுவை அறையும் ஆய்வு அறையும் கட்டியிருந்தார்கள். சினை ஆட்டிலிருந்து, ஈன இன்னும் ஆறு வாரம் இருக்கும்போதே, நூற்றெட்டாம் நாளில் குட்டியை எடுத்துப் பைக்குள் வைத்து, பையின் வாயைக் கையில் பிடிக்கும் சீலரால் ஒட்டினார்கள். ஒட்டு நிற்கவில்லை. கசிந்த வழியாகக் கிருமி போய், இரண்டாம் நாள் குட்டி செத்துவிட்டது.

"வாய் நனைஞ்சிருந்துச்சா?" என்று பானுமதி கேட்டாள்.

"நனையாம எப்படிக்கா? தண்ணியோடதானே குட்டி உள்ள போவுது."

பானுமதிக்கு ஜவ்வரிசி உறைகள் ஞாபகம் வந்தன. மாவானாலும் தண்ணீரானாலும் ஒன்றுதான். அவள் ஒரு பழைய பையை எடுத்து, வாய்ப்பக்கம் நான்கு விரல் கூடுதலாக விட்டு வெட்டினாள். ஒரு நீளக் கழுத்து. முதல் ஒட்டு உள்ளே, தண்ணீரை அந்தப் பக்கம் தள்ளுவதற்கு மட்டும். அது நிற்க வேண்டியதில்லை. பிறகு கழுத்தின் உள்பக்கத்தைத் துடைத்து உலர்த்தி, அதற்கு மேலே இரண்டாவது ஒட்டு. நிற்க வேண்டியது அதுதான்.

மேனகா வீடியோ எடுத்துக்கொண்டாள். எடுத்த பிறகு, "இத எங்காளுக பாத்துக் கத்துக்கறதுக்கு நேரம் இல்லக்கா. அடுத்த ஆடு வர்ற புதன்கிழமை. நீங்களே வந்துடுங்க" என்றாள்.

தீர்த்தகிரிக்கு இஷ்டமில்லை. "ஆட்ட அறுத்துக் குட்டிய எடுத்துப் பையில போடறாங்களாம். நீ பக்கத்துல நிக்கணுமா? ஒனக்கு இருக்கற படபடப்புக்கு?"

"நின்னுக்குவன்" என்றாள் பானுமதி. "நிக்கறது எனக்குப் பழக்கம்தானே."

புதன்கிழமை காலை பச்சை உடுப்பு, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டி அவளை ஒரு மூலையில் நிறுத்தினார்கள். மருத்துவர் அருள்குமார் அறுவையைச் செய்தார். குட்டி வெளியே வந்தபோது பானுமதி எதிர்பார்த்தது போல இல்லை. மயிரே இல்லாத, இளஞ்சிவப்பான, ஒரு கைக்குள் அடங்கும் உடம்பு. கண் மூடியிருந்தது. கொடியைப் பெட்டியின் குழாய்களில் மாட்டும்வரை அதைக் காற்றில் மூச்சிழுக்க விடாமல் மூக்கை ஈரத்துணியால் மூடியிருந்தார்கள். பிறகு பைக்குள் இறங்கியது. "அக்கா" என்றாள் மேனகா. அவ்வளவுதான்.

பானுமதி முன்னே வந்தாள்.  முதல் ஒட்டு, துடைப்பு, இரண்டாம் துடைப்பு, இரண்டாம் ஒட்டு. ஒரு நிமிஷம் ஐம்பது வினாடி. கரைசல் உள்ளே நிறைந்தது. தெளிந்த தண்ணீருக்குள் குட்டி முன்னங்காலை ஒருமுறை நீட்டி மடக்கியது.

வெளியே வந்து, பண்ணையின் வேலி ஓரமாக மூன்று சுற்று நடந்த பிறகுதான் கையுறையைக் கழற்றினாள்.

அன்றோடு அவள் வேலை முடிந்தது. ஆனால் மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து மொரப்பூர் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஒன்பது மணிக்குத் தொழிற்கூடத்தில் இருக்க வேண்டும், அதற்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. குட்டி தூங்கும், வாயைத் திறந்து தண்ணீரை விழுங்கும், சில சமயம் ஓடுவது போலக் காலை உதைக்கும். அறையில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். தாய் ஆடு வயிற்றில் தையலோடு அடுத்த கொட்டகையில் கடலைக்கொடி தின்றுகொண்டிருந்தது. பானுமதி இதையும் பார்ப்பாள், அதையும் பார்ப்பாள், பிறகு ஒரு காய்ந்த காகிதத்தை எடுத்து ஒட்டு நெடுகத் தடவுவாள். காகிதம் நனைகிறதா என்று பார்ப்பாள். வேலை நேரத்திலும் மேனகாவுக்கு இரண்டு தடவை போன் செய்து, "காகிதம் தடவனீங்களா?" என்று கேட்பாள்.

ஐந்தாம் நாள் காகிதம் நனைந்தது. கடுகளவு ஈரம். இரண்டாம் ஒட்டு பையின் பக்கவாட்டு ஒட்டோடு சேரும் இடத்தில் படலம் நான்கு மடிப்பாக இருந்தது. அங்கே சூடு போதாமல் ஒரு ஊசித்துளை இருந்திருக்கிறது.

மேனகா படலத்தில் குறையோ, தாடையில் குறையோ என்று பேச ஆரம்பித்தாள். பானுமதி அவளை நிறுத்தினாள். "அது என் கைதாங்க. அந்த எடத்துல ஒரு வினாடி கூட அழுத்தியிருக்கணும். அவசரத்துல எடுத்துட்டன்."

கழுத்தில் இன்னும் இரண்டு விரல் மிச்சம் இருந்தது. அருள்குமார் பையைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, அவள் மூன்றாவது ஒட்டு போட்டாள். பைக்குள் குட்டி அவள் விரலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சூடு பட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இந்தமுறை ஓரத்தில் ஆறு எண்ணும்வரை அழுத்தினாள். கரைசலில் மருந்து கூட்டினார்கள். குட்டிக்குக் காய்ச்சல் வரவில்லை. ஆனால் அவள் சோறு தின்பது அதோடு குறைந்தது. "ஒரு வினாடி, ஒரு வினாடி" என்று பாத்திரம் கழுவும்போது அவள் முணுமுணுத்ததைக் கேட்டு, தேன்மொழி தன் பள்ளிக்கூடக் கணக்கை விட்டுவிட்டு எழுந்து வந்து, "யாருகூடம்மா பேசற?" என்று கேட்டாள்.

ஒன்பதாம் நாள் மதியம் தொழிற்கூடத்து வாட்ச்மேன் வந்து, வாசலில் உங்களைத் தேடி ஆள் வந்திருக்கிறார் என்றார். சந்துரு நின்றிருந்தான். தீர்த்தகிரியின் சித்தப்பா மகன், சித்தேரியில் சாமையும் கேழ்வரகும் போடுகிறவன். சின்னக்கா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சட்டையில் ரத்தக்கறை காய்ந்திருந்தது.

"அண்ணி, சின்னக்காவுக்கு நேத்து வலி எடுத்துக்கிச்சு. ஆறாவது மாசம்தான் நடக்குது. பெரியாஸ்பத்திரிக்குப் போயி சேந்த ஒடனே பொறந்துடுச்சு. பொம்பளப் புள்ள. ஐநூத்தித் தொண்ணூறு கிராமாம். டாக்டரு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாரு."

பானுமதி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன் சொல்லுச்சு, நீங்க ஒரு பை செய்யறீங்களாம். அதுல போட்டா வயித்துக்குள்ள இருக்கற மாதிரியே இருக்குமாம். ஒண்ணு குடுங்க அண்ணி."

"சந்துரு, அது இன்னும் மனுசங்களுக்கு வரல. ஆட்டுக்குட்டிக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கறாங்க."

"உசுரோட இருக்குதா அந்தக் குட்டி?"

"இருக்குது."

"எத்தினி நாளா?"

"ஒம்போது நாளா."

"ஆட்டுக்கு ஆவுது. எங்க புள்ளைக்கு ஆவாதா?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான்.  அவளும் தெரிந்ததைச் சொன்னாள். "கொடிய அறுக்கறதுக்கு முன்னாடியே மாட்டணும்டா. ஒருதரம் காத்து உள்ள போயிடுச்சுன்னா கொடி மூடிக்கும். பொறவு பைக்குள்ள போட்டா மூச்சு முட்டிப் போயிடும். நெசமா சொல்றன்."

சொல்லிவிட்டு, தனக்கே நம்பிக்கை இல்லாதவள் போல மேனகாவுக்குப் போன் செய்தாள். மேனகா முழுவதும் கேட்டாள். "இல்லக்கா" என்றாள்.  "எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் கேட்டன்" என்றாள் பானுமதி. "கேளுங்கக்கா. நானா இருந்தாலும் கேட்டிருப்பன்" என்றாள் மேனகா.

ராஜாமணியிடம் சொல்லிக்கொண்டு சந்துருவோடு புறப்பட்டாள். புறப்படும்போது அலமாரியிலிருந்து ஒரு பையை எடுத்துத் தன் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டாள்.  அது உதவாது என்று அரூரில் எல்லோரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தர்மபுரி போய்ச் சேரும்வரை சந்துரு அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வார்டு மாறியிருந்தது. புது டைல்ஸ், புது மிஷின்கள். ஆனால் அந்த டக்டக் சத்தமும் மருந்து வாடையும் அப்படியே இருந்தன.  பொறுப்பு நர்ஸ் லூர்துமேரி அவளை அடையாளம் கண்டுகொண்டு, "எண்ணூத்தி இருபது எப்படி இருக்கா?" என்று கேட்டார். அந்த வார்டில் பிழைத்துப் போன குழந்தைகளை அவர் எடையை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பார்.

"நல்லா இருக்கறா. வாய் மூடறதில்ல."

ஒரு கணம் இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பானுமதி கைப்பையிலிருந்து அந்தப் பையை எடுத்துக் காட்டினாள். திருடி மறைத்து வைத்திருந்ததோடு மாட்டிக்கொண்டவள் போல இருந்தது அவள் முகம். லூர்துமேரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், குழாய் வழிகளைத் தொட்டுப் பார்த்தார், என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"இது எப்ப வரும்?"

"தெரியலீங்க. பத்து வருசமாம். அதுக்கும் மேலயும் ஆகலாமாம்."

"வர்றப்ப வரட்டும்மா. இப்ப அந்தப் பொண்ணப் போய்ப் பாரு. பால் எடுக்க மாட்டேங்குது, அழுதுக்கிட்டே படுத்திருக்குது. ஒரு சொட்டு கெடச்சாலும் நமக்கு வேணும்."

சின்னக்காவுக்கு இருபத்திரண்டு வயது. பானுமதி அவளை எழுப்பி, முதுகைத் தேய்த்துவிட்டு, பால் பீய்ச்சக் கற்றுக் கொடுத்தாள். முதல்நாள் ஒரு ஸ்பூன்கூட வரவில்லை. வந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு அங்கேயே இருந்தாள். வராந்தாவில் நடந்தாள். சந்துரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடும்போதெல்லாம் அவனை எழுப்பிவிட வேண்டும் போல அவளுக்கு இருந்தது. எழுப்பவில்லை. இந்த நாட்களில் அவள் மொரப்பூர்க் குட்டியைப் பற்றி ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. மேனகாவே, "காகிதம் காய்ஞ்சிருக்குதுக்கா" என்று காலையும் மாலையும் செய்தி அனுப்பினாள்.

நான்காம் நாள் காலை பத்தரை மணிக்குக் குழந்தை இறந்தது. நுரையீரலில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். யார்மேலும் தப்பில்லை. எல்லோரும் செய்ய முடிந்ததைச் செய்தார்கள். தீர்த்தகிரிதான் வண்டி ஏற்பாடு செய்து வந்தான். சித்தேரிக்கு ஏறும் வளைவுகளில் இந்தமுறை யாரும் கத்தவில்லை. மேலே நிலத்தின் ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். சின்னக்காவை அங்கே வர வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் வந்து நின்றாள்.

மொரப்பூரில் பதினான்காம் நாள். அன்றைக்குக் குட்டியை வெளியே எடுப்பது திட்டம். பானுமதி போக மாட்டேன் என்று தீர்த்தகிரியிடம் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸிலேயே போனாள்.

பையை வெட்டி எடுத்தார்கள். குட்டிக்கு இப்போது உடம்பெல்லாம் மெல்லிய மயிர் முளைத்திருந்தது. மூக்கைத் துடைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு விலா எலும்பு உயர்ந்தது, இறங்கியது, மறுபடி உயர்ந்தது. "மூச்சு விடுது" என்று அருள்குமார் சொன்னார். கால்மணி நேரம் கழித்து, நூல் போன்ற குரலில் அது ஒருமுறை கத்தியது. அடுத்த கொட்டகையில் தாய் ஆடு தின்பதை நிறுத்தியது.

அதன்பிறகு செய்ய வேண்டியதும் திட்டத்தில் இருந்தது. குட்டியை வலி தெரியாமல் உறங்க வைத்து, நுரையீரலையும் மூளையையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மேனகா இதை முதலிலேயே அவளிடம் சொல்லியிருந்தாள். அப்போது சரி என்று தலையாட்டியதும் ஞாபகம் இருந்தது.

"இத விட்டுட்டு அடுத்தத பாக்கக் கூடாதுங்களா?"

"மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கான்னு வெளிய இருந்து பாத்தா முழுசாத் தெரியாதுக்கா. அது தெரியாம ஒரு கொழந்தைய இதுக்குள்ள வெக்க எனக்குத் தைரியம் வராது. உங்களுக்கு வருமா?"

 பானுமதி வேலி ஓரமாக நடந்து ரோட்டுக்குப் போனாள். பஸ் வர அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். காத்திருக்க முடியாமல் அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடந்தாள்.

முடிவு பத்து நாளில் வந்தது. நுரையீரல் நன்றாக வளர்ந்திருந்தது. மூளையின் ஒரு ஓரத்தில் சிறிய கசிவு இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. ரத்தம் ஓடும் வேகத்தை மாற்றிப் பார்க்க வேண்டும் என்றாள் மேனகா. பானுமதி கேட்டுக்கொண்டாள். ஆனால் அந்தப் பைகளை வேறு யாராவது ஒட்டட்டும் என்று ராஜாமணியிடம் சொல்லிவிட்டு, சாதாரணப் பைகளின் மேஜைக்குப் போய்விட்டாள். 

ஒரு மாதம் அப்படியே போனது. ஒரு திங்கட்கிழமை சின்னக்கா மலையிலிருந்து தேனும் கடுக்காயும் விற்க அரூருக்கு வந்தாள். விற்று முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஆள் மெலிந்திருந்தாள். டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அந்தக் குட்டி என்ன ஆச்சுங்கக்கா?"

பானுமதி பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்ல முடியவில்லை. வெளியே வந்து மூச்சு விட்டது, கத்தியது, பிறகு என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் எல்லாவற்றையும் சொன்னாள்.

 "அது கத்துச்சா?" என்று மட்டும் சின்னக்கா கேட்டாள். "எங்க பாப்பா கத்தல. வாயில கொழாய் இருந்துச்சு." பிறகு தம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தப் பைய நீங்கதான் ஒட்டணுமாக்கா? வேற யாருக்கும் ஒட்ட வராதா?"

"கத்துக்கிட்டா வரும். இப்பத்திக்கு எனக்குத்தான் வருது."

"அப்ப ஆஸ்பத்திரியில என்ன மாதிரி ஒருத்தி வந்து படுத்தா ஒங்களுக்கு போன் போட்டு, நீங்க அரூர்ல இருந்து பஸ் புடிச்சு வருவீங்களா? அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போயிருமே."

அவள் குத்திக் காட்டவில்லை. சந்துரு வாசலில் நின்று கேட்டது போலத்தான், தெரிந்துகொள்ளக் கேட்டாள். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டாள். பானுமதி அவளை ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியிலேயே மேனகாவுக்குப் போன் செய்தாள்.

"சூடு வெச்சு ஒட்டற வேலையே இருக்கக் கூடாதுங்க. துணி காயப் போடற கிளிப்பு இருக்குதில்ல, அந்த மாதிரி, ஆனா பை வாய் நீளத்துக்கு. ஒரு அழுத்து அழுத்துனா புடிச்சுக்கணும். எந்த ஷிப்டுல எந்த நர்சம்மா இருந்தாலும் மாட்டணும். நான் இருக்கவே கூடாது அந்த எடத்துல."

மேனகா உடனே சரி என்று சொல்லவில்லை. ஈரத்தில் கிளிப் வழுக்கும், கிருமி போகும், சூட்டு ஒட்டு மாதிரி வேறெதுவும் நிற்காது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பானுமதி ரோட்டோரம் நடந்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், பதில் தெரியாததற்கு "பாக்கலாம்" என்றாள். பேசி முடித்தபோது வீட்டைத் தாண்டி இரண்டு தெரு போயிருந்தாள்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. மொரப்பூரில் அதற்குப் பிறகு ஏழு குட்டிகள் பைக்குள் இருந்தன. மூன்று இடையிலேயே செத்தன. கடைசி இரண்டின் மூளையில் கசிவு இல்லை. அதற்கடுத்த குட்டியை வளர்த்துப் பார்க்க அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார்கள். எந்த ஊரிலும் இவள் பைக்குள் ஒரு மனிதக் குழந்தை இன்னும் வைக்கப்படவில்லை. எப்போது வைக்கப்படும் என்று மேனகாவும் சொல்லத் துணியவில்லை.

கிளிப் பதினோரு மாதிரி செய்தாகிவிட்டது. ஆறாவது, இருபது நிமிஷத்தில் வாய் பிளந்தது. ஒன்பதாவது இரண்டு நாள் நின்றது. பதினோராவதில் சிலிகோன் ரப்பர் பட்டையை இரட்டையாக வைத்திருக்கிறார்கள். சென்ற வாரம் அதைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வெறும் தண்ணீர் நிரப்பிய பையோடு லூர்துமேரியிடம் கொடுத்தாள். ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், "மாட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லூர்துமேரி இரண்டு நிமிஷம் தடுமாறினார், ஒருமுறை தலைகீழாக வைத்தார், பிறகு மாட்டினார். கீழே தண்ணீர் சிந்தியிருந்தது.

"தப்பா மாட்டிட்டனா?"

"இல்லீங்க, தலைகீழா வெக்க முடிஞ்சுதே, அது கிளிப்போட தப்பு" என்று சொல்லிவிட்டு, பானுமதி கிளிப்பைப் பிடுங்காத குறையாக வாங்கி ஈரத்தோடு கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பதினொன்றே முக்கால் அரூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.